தாட்சர் உண்மையில் பழமைவாதியா?

பொன்னி: பழமைவாதத்தின் தந்தை எனப்படும் 18-ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்கைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மரபுக்கு மரியாதை, மாற்றமென்றால் மெதுவாக என்கிறார். பிரிட்டனின் பழமைவாதக் கட்சிப் பிரதமராக இருந்த தாட்சரோ வந்த வேகத்தில் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டார். இவர்கள் எப்படி ஒரே மரபாவார்கள்?

பழைய வாத்தியார்: நடுவில் ஒரு கோழிப்பண்ணை முதலாளி வருகிறார் அம்மா, வேடிக்கையில்லை. ஆண்டனி ஃபிஷர் என்று பெயர். அரசுத் திட்டமிடலை எதிர்த்துச் சந்தைச் சுதந்திரம் பேசிய பொருளாதார அறிஞர் ஹாயெக்கின் நூல்சுருக்கத்தை 1945-இல் ரீடர்ஸ் டைஜஸ்டில் படித்துவிட்டு அவரையே போய்ப் பார்த்தார். தேர்தலில் நிற்கலாமா என்ற யோசனை. "வேண்டாம், படித்தவர்களின் கருத்தை முதலில் மாற்றுங்கள்" என்பதே ஹாயெக்கின் அறிவுரையின் சாரம். அப்படித்தான் 1955-இல் லண்டனில் பொருளாதார விவகார நிறுவனம் பிறந்தது. சந்தைச் சுதந்திரக் கருத்துகளை ஆண்டுக்கணக்கில் துண்டு நூல்களாக வெளியிட்டார்கள். பேராசிரியர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும்தான் குறி. 1974-இல் பழமைவாதக் கட்சிக்காரர் கீத் ஜோசப்பும் தாட்சரும் கொள்கை ஆய்வு மையத்தைத் தொடங்கியபோது சரக்கு தயாராக இருந்தது.

செந்தில்: அமெரிக்காவில் இன்னும் நேரடி. 1973-இல் தொடங்கிய ஹெரிடேஜ் அறக்கட்டளை என்ற கொள்கை ஆய்வு அமைப்பு, அதிபர் ரீகனுக்காக ஆயிரம் பக்கங்களுக்கு மேல் கொள்கைத் தொகுப்பே எழுதிக் கொடுத்தது.

பொன்னி: ஆனால் ஹாயெக் தன்னைப் பழமைவாதி அல்ல என்றே 1960-இல் எழுதினாரே?

பழைய வாத்தியார்: அதுதான் விடை. தாட்சர் கைக்கு வந்தது பர்க்கின் சரக்கல்ல, ஹாயெக்கின் சரக்கு. பர்க்கின் உண்மையான வாரிசு ஆங்கிலத் தத்துவ அறிஞர் மைக்கேல் ஓக்‌ஷாட் என்பேன். திட்டமிடலை எதிர்க்க ஒரு திட்டம் போடுவதும் அதே பாணி அரசியல்தான் என்று ஹாயெக்கையே குத்தினார். அவர் பெயரில் எந்த அமைச்சருக்கும் தொகுப்பு போகவில்லை.