ஆக்டிவ் ரெக்கார்டா, ரெப்பாசிட்டரியா: நீங்கள் மாட்டிக்கொண்ட கதை எது?

மஞ்சக்குப்பத்தான்:
பண்ருட்டியில் ஒரு முந்திரிக் குடோனுக்கு லாராவெலில் (வலைச் செயலிகள் எழுதும் பிஎச்பி சட்டகம்) எழுதிய இருப்புக் கணக்கு. அதன் டேட்டாபேஸ் கருவி எலோக்குவென்ட் என்பதால் ஆக்டிவ் ரெக்கார்ட்தான், அதாவது ஒவ்வொரு பதிவும் தன்னைத் தானே டேட்டாபேஸில் எழுதிக்கொள்ளும் முறை. வேறு யோசனையே அப்போது இல்லை. மாதக் கடைசியில் இருப்புப் பட்டியலைக் கேட்டால் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளை பேரேட்டைப் பிரித்தார். டபிள்யூ-320 (முழுப் பருப்புத் தரம்) எத்தனை டின், உடைப்பு எத்தனை டின் என்று பென்சிலால் கூட்டி முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்துவிட்டதா தம்பி?" என்றார். வரவில்லை.

அன்றிரவே பேட்டர்ன்தான் (நிரலை அமைத்த முறை) தப்பு என்று முடிவு கட்டினேன். மூன்று வாரம் உட்கார்ந்து டேட்டாபேஸ் வேலை எல்லாவற்றையும் ரெப்பாசிட்டரிக்குள், அதாவது அதற்கென்றே ஒதுக்கிய தனி அடுக்குக்குள் தள்ளினேன். பக்கம் முன்போலவே ஊர்ந்தது. பிறகுதான் குவெரி பதிவை, டேட்டாபேஸிடம் கேட்ட கேள்விகளின் பட்டியலைத் திறந்தேன். 412 சரக்கு வரிகள். ஒவ்வொன்றுக்கும் வியாபாரி யார் என்று ஒரு குவெரி, தரம் எது என்று இன்னொன்று. பட்டியலை எடுத்த ஒன்றையும் சேர்த்து மொத்தம் 825. வியாபாரி எண் 17-ஐக் கேட்கும் அதே வரி, திரும்பத் திரும்ப. தொடர்புடையவற்றை முன்கூட்டியே மொத்தமாக எடுக்கும் 'வித்' என்று ஒரே ஓர் அழைப்பைச் சேர்த்ததும் மூன்றாகச் சுருங்கியது. அந்த மூன்று வாரத்துக்கும் பணம் வாங்கிக்கொண்டேன், அதுதான் உறுத்துகிறது.

லாஸ்பேட்டை வாசி:
பேட்டர்னுக்கு இதில் பங்கே இல்லை என்பதுபோல் சொல்லாதீர்கள். எலோக்குவென்ட்டில் ஐடென்டிட்டி மேப், அதாவது ஏற்கெனவே எடுத்த பதிவை நினைவில் வைக்கும் பட்டியல் கிடையாது. அதனால்தான் உங்கள் 17-ஆம் வியாபாரி அத்தனை முறை வந்தார். பதிவையும் டேட்டாபேஸையும் பிரித்து நடுவில் நின்று எழுதும் டேட்டா மேப்பர் வகைக் கருவியான டாக்ட்ரினாக இருந்தால் ஒருமுறை வந்தவரையே மறுபடியும் நீட்டியிருக்கும்.

அதற்காக அதைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் மாட்டேன். புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடை, தீபாவளிக்கு முந்தைய வாரம். ஓர் அம்மா மாற்ற வேண்டிய புடவையோடும் பில்லோடும் வந்து நிற்கிறார். பில்லில் எண் இருக்கிறது. கணினியில் அந்த எண்ணே இல்லை. "நான் என்ன கள்ள பில்லா கொண்டுவந்திருக்கிறேன்?" என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. தள்ளுபடிக் கூப்பன் போகும் வழியில் மட்டும் பெர்சிஸ்ட் (சேமிக்கக் குறித்துவை) எழுதிவிட்டு ஃப்ளஷ் (குறித்ததை டேட்டாபேஸில் எழுது) எழுத மறந்திருந்தேன். எண் தருவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் சீக்வென்ஸ் (வரிசை எண் கொடுக்கும் வசதி) என்பதால் பெர்சிஸ்ட் சொன்ன கணமே எண் கிடைத்துவிடும், பில்லும் அச்சாகிவிடும். பதிவு மட்டும் ஃப்ளஷுக்குக் காத்திருந்து காற்றோடு போய்விடும். ஆக்டிவ் ரெக்கார்டில் 'சேவ்' என்றால் அங்கேயே எழுதியிருக்கும்.

திருப்பாதிரிப்புலியூர்:
என் கதை சிறியது. மீன் ஏலக் கணக்கு ஒன்றுக்கு 14 ரெப்பாசிட்டரி இன்டர்ஃபேஸ் (என்னென்ன செய்யும் என்ற வெறும் வரையறை) எழுதினேன். ஒவ்வொன்றையும் நிறைவேற்ற ஒரே ஒரு கிளாஸ். ஏலம் விடுபவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பட்டியல்.

இருவருக்கும் சொல்கிறேன். மென்பொருள் வடிவமைப்பு நூலாசிரியர் மார்ட்டின் ஃபவுலர் 2002-இல் இவற்றுக்கெல்லாம் பெயர் வைத்து எழுதியபோது ரெப்பாசிட்டரியை டேட்டா மேப்பரின் மேல்தான் உட்காரவைத்தார். எலோக்குவென்ட் மாடலையே திருப்பித் தருகிற ரெப்பாசிட்டரி வெறும் தலையணை உறை. 'நாளைக்கு டேட்டாபேஸை மாற்றினால்?' என்பார்கள், நான் பார்த்தவரை யாரும் மாற்றியதில்லை. படிவம் திறந்து சேமிக்கிற திரைகளுக்கு ஆக்டிவ் ரெக்கார்ட் போதும். கடன் வரம்பு, தரகு, தவணை என்று விதிகள் பின்னிக் கிடக்கும் இடத்தில் டேட்டா மேப்பர். மாதாந்தர அறிக்கைக்கு எதுவும் வேண்டாம், நேராக எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) எழுதுங்கள். மஞ்சக்குப்பத்தாரே, லாராவெல் 8-இலேயே லேசி லோடிங்கை (தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கேட்பதை) தடுக்கும் வசதி வந்துவிட்டது. உங்கள் கணினியில் அதைப் போட்டுவையுங்கள், மறந்த இடத்தில் பிழை காட்டி நிற்கும். லாஸ்பேட்டையாரே, ஃப்ளஷ் எங்கே என்று தேடும்படி விடாதீர்கள். ஒரே இடத்தில் வையுங்கள். இன்னொன்று…

லாஸ்பேட்டை வாசி:
ஒரே இடத்தில்தான் வைத்திருந்தேன் ஐயா. கூப்பன் அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

மஞ்சக்குப்பத்தான்:
அறிவுரை கேட்கவில்லை, ஆனாலும் இன்று காலை அந்தத் தடுப்பைப் போட்டுப் பார்த்தேன். கூலிப் பட்டியலில் பிழை காட்டி நின்றது. நேற்றுத்தான் கணக்குப்பிள்ளை அதற்கும் பேரேடு வைத்திருக்கிறார் என்று தெரிந்தது.