குருத்துப்பூச்சிக்கு எந்தப் பேரு சரி? டிரைபோரைசாவா, சிர்போபேகாவா?

நாஞ்சில்வயல்: கும்பப்பூ போகத்து நெல்லுல நடுக்குருத்து காஞ்சு நிக்கு, இழுத்தா கையோட வருது. உரக்கடையில ஒட்டின தாள்ல ‘டிரைபோரைசா இன்செர்டுலஸ், பைராலிடே குடும்பம்’னு இருக்கு. மகளுக்க புத்தகத்துல அதே பூச்சி ‘சிர்போபேகா, கிராம்பிடே’. மஞ்சள் இறகுல ஒத்தைக் கருப்புப் புள்ளி, நான் சின்னதுல பாத்த அதே பூச்சிதான். பேரை எதுக்கு மாத்துதாங்க? விவசாயிக்கு இதுல பிரயோசனம் இல்லை.

தோவாளை அந்து: காரணம் இருக்கு அண்ணாச்சி. டிரைபோரைசாங்கிற பேரினத்தை, அதாவது நெருங்கின இனங்களோட கூட்டத்தை, 1960ல ஐ. எஃப். பி. காமன்னு ஒரு பூச்சியியலாளர் வச்சார். 1981ல லெவானிச்னு இன்னொரு பூச்சியியலாளர் இந்த இனங்களையெல்லாம் ஒண்ணா வச்சு ஒப்பிட்டு, அதை சிர்போபேகாவோட சேத்துட்டார். பைராலிடே, கிராம்பிடேன்னு குடும்பத்தைப் பிரிச்சது காதை வச்சு. ரெண்டு கூட்டத்துக்கும் மூக்கு மாதிரி முன்னால நீண்ட முகம் உண்டு, வயித்தோட அடிப்பக்கம் காதும் உண்டு. பைராலிடேக்கு காதுக்கூடு மூடியிருக்கும், கிராம்பிடேக்குத் திறந்திருக்கும். 2012ல மரபணுவை வச்சுப் பாத்தப்பவும் ரெண்டும் தனித்தனிக் கிளையாத்தான் வந்துச்சு.

நாஞ்சில்வயல்: காதைப் பாத்து நான் மருந்தடிக்கப் போறதில்லை தம்பி. போன போகத்துல ஒரு கடையில ‘தண்டு துளைப்பான்’னு சொல்லி, ஆண்பூச்சியை வாசனையால இழுக்கிற இனக்கவர்ச்சி வில்லை தந்தாங்க. பொறியில ஒரு பூச்சி விழல. பாத்தா அது கத்தரிக் காய்ப்புழுவுக்கு உள்ளது. அதுவும் கிராம்பிடேதானாம். குடும்பப் பேரு எனக்கு என்ன செஞ்சுது?

தோவாளை அந்து: அங்க குடும்பம் உதவாது, ஒத்துக்கிடுதேன். உறையில ‘இன்செர்டுலஸ்’ங்கிற இனப்பேரு இருக்கான்னு பாத்திருந்தா ஏமாந்திருக்க மாட்டீங்க. ஆனா பேரினம் உதவும். கரும்புல நுனிக்குருத்தைத் துளைக்கிறதும் ஒரு சிர்போபேகாதான். ரெண்டுலயும் தாய்ப்பூச்சி முட்டைக்குவியலை வால்மயிரால மூடி வைக்கும். ஒண்ணோட முட்டையைத் தேடிப் பழகினவருக்கு மத்ததும் கண்ணுல படும்.

குளச்சல் டீச்சர்: புதுப்பேரு சரிதான். ஆனா பழசை அழிச்சுரக் கூடாது. இந்த முட்டையைத் தின்னுற குளவிக்குப் பேரு டெட்ராஸ்டிகஸ் ஸ்கோனோபியை. நம்ம பூச்சி ஸ்கோனோபியஸ் பேரினத்துல இருந்தப்ப வச்சது. பழம்பேரு தெரியாத பிள்ளைகளுக்கு அந்தக் குளவி எதுக்குன்னே புரியாது. தாள்ல ரெண்டு பேரையும் போடணும்.

நாஞ்சில்வயல்: டீச்சர் சொன்னது எனக்குச் சம்மதம். நாளைக்கு இலைநுனியில மயிர் மூடின முட்டை கிடைச்சா குப்பியில போட்டு வைக்கேன். புழு வருதா குளவி வருதான்னு பாத்துட்டு இங்க படம் போடுதேன்.