தந்தை வழியில் மாரடைப்பு, தாய் வழியில் நீண்ட ஆயுள்: நம் கையில் இருப்பது எவ்வளவு?

கேள்வி: தலவாக்கலை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 46 வயதாகிறது. என் தந்தையார் 52 வயதில் மாரடைப்பால் காலமானார். பெரியப்பா ஐம்பதை எட்டுவதற்கு முன்பே போய்விட்டார். சித்தப்பாவுக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்து, இப்போது வீட்டுக்குள் மெதுவாக நடமாடுகிறார். தாய் வழியிலோ நிலைமை முற்றிலும் வேறு. அம்மாயிக்குத் தேசிய அடையாள அட்டையின்படி 91 வயது. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். இன்றும் விடியுமுன் எழுந்து, லயத்துக்குக் கீழே உள்ள மரக்கறிப் பாத்தியில் லீக்ஸுக்கு மண் அணைத்துவிட்டு, பசுவுக்குக் கொஞ்சம் புல்லையும் அறுத்துக்கொண்டு படியேறி வருகிறார். கண்ணாடி அணிவதில்லை, ஊசியில் நூல் கோக்க மட்டும் என் மகளைக் கூப்பிடுவார்.

நான் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து, அலுவலக நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவன். புகைப்பதில்லை, விசேஷ நாட்களில் கொஞ்சம் குடிப்பதுண்டு. சென்ற மாதம் பார்த்தபோது சீனி எல்லையைத் தொட்டு நிற்பதாகச் சொன்னார்கள். உறவினர்களிடம் பேசினால், "அப்பன் வழி இரத்தம் அப்படி, எழுத்தை யார் மாற்றுவது?" என்கிறார்கள். நண்பர்களோ மனம் மகிழ்ச்சியாக இருந்தால் எந்த நோயும் அண்டாது என்கிறார்கள். இரண்டையும் முழுமையாக நம்ப முடியவில்லை. முதுமையின் ஆரோக்கியத்தை உண்மையில் தீர்மானிப்பது பரம்பரையா, பழக்கவழக்கமா, மனப்பான்மையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் என் பிள்ளைகள் இருவருக்கும் பயன்படும்.

பதில் 1: ஹட்டன் பக்கத்து வைத்தியர்

ஐயா, உங்கள் கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீண்ட ஆயுள் பரம்பரையாக வருமா என்பது ஒன்று. இளவயது மாரடைப்பு பரம்பரையாக வருமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றல்ல.

முதலாவதைப் பார்ப்போம். 1870க்கும் 1900க்கும் இடையில் டென்மார்க்கில் பிறந்த 2,872 சோடி இரட்டையர்களின் ஆயுளை ஒப்பிட்டு 1996இல் வெளிவந்த ஆய்வு, மனிதருக்கு மனிதர் ஆயுளில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மட்டுமே மரபணுக்களோடு தொடர்புபடுத்தியது. 2018இல் பல கோடிப் பேரின் வம்சாவளிப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அந்தப் பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கலாம் என்றார்கள். அவர்கள் கவனித்த ஒரு விடயம் நமக்கு முக்கியமானது: இரத்த உறவே இல்லாத மைத்துனன்மார், கொழுந்தியாள்மாரின் ஆயுள்கூட ஒருவருக்கொருவர் ஒத்துப்போயிருந்தது. தம்மைப் போன்ற வசதியும் பழக்கமும் உள்ள குடும்பத்திலேயே மனிதர் மணம் முடிப்பதால், குடும்பத்தில் தொடர்வது எல்லாமே இரத்தத்தில் தொடர்வதாகத் தோன்றிவிடுகிறது. மிக அண்மையில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் வேறொரு கோணத்தில் கணக்கிட்டு, விபத்து, தொற்று போன்ற வெளிக்காரணங்களால் நேரும் இறப்புகளை விலக்கினால் மரபணுவின் பங்கு ஏறக்குறைய பாதியாக உயரும் என்று காட்டியிருக்கிறார்கள். இவை ஒன்றையொன்று மறுப்பவை என்று நான் நினைக்கவில்லை. வயிற்றோட்டத்தாலும் பிரசவத்தாலும் மக்கள் மாண்ட காலத்தில் மரபணுவுக்குத் தன் வேலையைக் காட்ட வாய்ப்பே இருக்கவில்லை. அந்த ஆபத்துகள் குறையக் குறைய அதன் பங்கு கூடுதலாகத் தெரியும்.

"அப்பன் வழி இரத்தம்" என்று உறவினர் சொல்வதில் இரத்தம் எவ்வளவு, அடுப்படி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் தந்தையும் அவருடைய சகோதரர்களும் ஒரே லயத்தில் வளர்ந்திருப்பார்கள். காலையில் கோதுமை மா ரொட்டியும் உப்புத் தூக்கலான சம்பலும், வேலைக்கு நடுவே சீனி நிறையப் போட்ட பிளேன்டீ, மாலையில் பீடியும் சாராயமும் என்று பெரும்பாலான ஆண்களின் நாள் கழிந்தது. ஈர விறகின் புகை நிறைந்த அறை எல்லோருக்கும் பொது. இவை அத்தனையும் மரபணுவைப் போலவே அண்ணனிலிருந்து தம்பிக்குக் கடந்து செல்பவை.

இவற்றுள் புகையின் கணக்கு மிகத் தெளிவானது. பிரித்தானிய வைத்தியர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவருக்கு அதில் ஏறத்தாழ 3 ஆண்டுகளும், 50 வயதில் நிறுத்தியவருக்கு 6 ஆண்டுகளும், 40 வயதில் நிறுத்தியவருக்கு 9 ஆண்டுகளும் மீண்டும் கிடைத்தன. உங்கள் தந்தையார் புகைத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கேட்டறியாமல் பரம்பரையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இரத்தமும் அல்லாத, பழக்கமும் அல்லாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. 1944–45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் பஞ்சம் நிலவியபோது தாயின் வயிற்றில் இருந்தவர்களுக்கு, நடுவயதில் சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது பின்னர் கண்டறியப்பட்டது. கருவில் உணவு போதாத உடல், கிடைப்பதைச் சேமிக்கவே பழகிக்கொள்கிறது. பிற்காலத்தில் தாராளமாக மாவும் சீனியும் கிடைக்கும்போது அதுவே கேடாகிறது. நம் தோட்டங்களில் 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் பட்டினியால் மக்கள் இறந்தார்கள். அக்காலத்தில் கருவில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். தோட்டங்களில் எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது அதன் பின்னரும் நின்றுவிடவில்லை. கிளினிக்கில் ஒல்லியான உடலும் உயர்ந்த சீனியுமாக வரும் நம்மவர்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வரலாறுதான். எனவே நிறையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். ஆசிய நாட்டவருக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே அபாயம் கூடத் தொடங்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் தெரிவித்த கருத்து.

பதில் 2: பண்டாரவளை, ஓய்வுபெற்ற ஆசிரியை

வைத்தியர் ஐயா மனப்பான்மையைத் தொடவில்லை. எனவே அதைப் பற்றி நான் எழுதுகிறேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூரில், 50 வயதைக் கடந்த 660 பேரிடம் தம் முதுமையைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுவைத்து, இரு தசாப்தங்களுக்கு மேல் கழித்து அவர்களில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வயதாவதை நல்லவிதமாக எண்ணியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். பெக்கா லெவி என்ற உளவியலாளரின் குழு 2002இல் வெளியிட்ட முடிவு இது. இதைப் படித்துவிட்டு, சிரித்தால் ஆயுள் கூடும் என்று சொல்லித் திரிவது சரியல்ல. உடல் நலமாக இருப்பவருக்கு நல்ல எண்ணம் எளிதில் வரும், நோயாளிக்கு வராது. ஆய்வாளர்கள் அதற்கும் இடம்விட்டுத்தான் கணக்கிட்டார்கள். ஆயினும் அந்த ஐயம் முழுமையாகத் தீர்ந்துவிடாது.

என்னைப் பொறுத்தவரை, மனப்பான்மை என்பது முகத்தில் தெரியும் மகிழ்ச்சி அன்று. காலையில் எழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறதா, நாம் வராவிட்டால் தேடுவதற்கு யாராவது இருக்கிறார்களா என்பதே அது. 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் குறிப்பிட்ட காலப்பகுதியில் உயிரோடு இருப்பதற்கான சாத்தியம் ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல் என்றது. தலவாக்கலைத் தம்பியின் அம்மாயிக்குப் பசு காத்திருக்கிறது, பாத்தி காத்திருக்கிறது, நூல் கோக்கக் கூப்பிடுவதற்குப் பேரனின் மகள் பக்கத்தில் இருக்கிறாள்.

இதற்கு மாறானதையும் நாம் தினமும் பார்க்கிறோம். தோட்டத்தில் பெயர் வெட்டப்பட்டு ஓய்வுபெற்ற மறு மாதமே சேமலாப நிதிப் பணம் வீட்டுக் கடனுக்கும் மகள் கல்யாணத்துக்கும் போய்விட, லயத்து வாசலில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்துவிடும் ஆண்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். அவர்கள் வயதுப் பெண்களோ, மருமகள் வெளிநாட்டுக்குப் போனால் பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள், தண்ணீர் பிடிக்கிறார்கள், கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்கிறார்கள். அந்தச் சுமை நியாயமானது என்று நான் சொல்லவில்லை. பல பாட்டிமார் அதில் நொந்துபோயிருக்கிறார்கள். ஆனால் தேவைப்படாதவராக உட்கார்ந்திருப்பது அதைவிட விரைவாக மனிதரைத் தளர்த்துகிறது. மரணாதார சங்கத்தின் கணக்கை எழுதும் பொறுப்பையாவது ஓய்வுபெற்ற ஓர் ஆணிடம் கொடுத்துப் பாருங்கள், அவர் நடையே மாறிவிடும்.

பதில் 3: மஸ்கெலியாக்காரன்

மேலே உள்ள இருவரையும் மதிக்கிறேன். ஆனாலும் கொஞ்சம் குறுக்கே பேச வேண்டியிருக்கிறது. அம்மாயியின் 91 வயது எங்கிருந்து வந்தது? நம் மூத்தவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோய், 1964 ஒப்பந்தத்தின் பின் யார் போவது, யார் இருப்பது என்று அலைக்கழிந்து, பிற்காலத்தில் அடையாள அட்டை எடுத்தபோது, "இன்ன துரை இருந்த காலத்தில் பிறந்தேன்" என்று சொன்னதை வைத்து யாரோ ஓர் ஆண்டை எழுதிவிட்டார்கள். இது நமக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஜப்பானில் 2010இல் தேடிப் பார்த்தபோது, பதிவேட்டில் உயிரோடிருந்த நூறு வயதுக்காரர்களில் 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமானோரைக் காணவில்லை. நீண்ட ஆயுளுக்குப் பேர்பெற்ற ஊர்களின் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த ஊர்ப் பதிவேட்டைப் பார்ப்பது நல்லது.

வயது சரியென்றே வைத்துக்கொள்வோம். அம்மாயியோடு சேர்ந்து கொழுந்தெடுத்தவர்கள் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்? போனவர்களை நாம் எண்ணுவதில்லை. நிற்பவரைக் காட்டி, மலையேறினால் ஆயுள் கூடும் என்கிறோம். பிரான்சின் ஜான் கல்மான் அம்மையார் 122 ஆண்டுகள் வாழ்ந்து 1997இல் மறைந்தார். நூறைத் தாண்டியும் புகைத்தார். அதை வைத்து யாரும் சிகரெட்டைப் பரிந்துரைப்பதில்லையே! எங்கள் தோட்டத்தில் வெற்றிலையும் புகையிலையும் போட்டே எண்பதைக் கடந்த கிழவிமார் உண்டு. வாய் திறக்க முடியாமல் ஐம்பதில் போனவர்களும் உண்டு. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்பதும், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்குமே புற்றுநோயைத் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவராண்மை 2004இல் வகைப்படுத்தியதும் நம் கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. பழக்கத்தை மாற்றுங்கள் என்று சொல்வது எளிது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும். என் சிறிய தகப்பனார் பிரஷர் மாத்திரை முடிந்தும் அடுத்த திகதிக்குப் போகாமல் கொழுந்து நிறுக்கப் போனார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரைக் கெடுத்தது மரபணுவும் அல்ல, மனப்பான்மையும் அல்ல. கிழமை நாளில் காலையில் மட்டும் நடக்கும் ஒரு கிளினிக்.

தலவாக்கலை வாசகர்

மூவருக்கும் நன்றி. அம்மாவிடம் விசாரித்தேன். அப்பா பீடி குடித்ததேயில்லையாம், பெரியப்பா குடித்திருக்கிறார். சித்தப்பாவுக்குக் குதிகாலுக்கு மேலே பின்பக்க நரம்பு முடிச்சு முடிச்சாகத் தடித்திருப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கால் கடுப்பு என்று எண்ணெய் தடவிக்கொள்வார். இதற்கும் இருதயத்துக்கும் சம்பந்தம் உண்டா?

ஹட்டன் பக்கத்து வைத்தியர்

சம்பந்தம் இருக்கக்கூடும், இதைத்தான் நேரில் காட்ட வேண்டும். தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட முன்னதாக, சராசரியாக 53 வயதில் வருவதை 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. ஆகவே உங்கள் தந்தையாரின் வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனால் புகைக்காதவர் 52இல் இறந்ததும், சகோதரர்கள் மூவரும் பாதிக்கப்பட்டதும், குதிகால் தசைநாண் தடித்திருப்பதும் சேரும்போது, பிறவியிலேயே கொலஸ்ட்ரோல் உயர்ந்திருக்கும் பரம்பரைக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு அது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் மட்டும் இதற்குப் போதாது. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டட்டின் வகை மாத்திரை தேவைப்படும். அது அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைப்பது. மரபணு மிக வலுவாகப் பேசும் இந்த நோயே மருந்துக்கு நன்றாக அடங்கும் நோயாகவும் இருப்பது விந்தைதான்.

எனவே தாமதிக்காமல் கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். 35 வயதைக் கடந்தவர்களைப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இருக்கின்றன. அங்கே போனால் குடும்ப வரலாற்றை நீங்களாகவே சொல்லுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அறிக்கையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) என்ற வரியைப் பாருங்கள். அது டெசிலீற்றருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், அறிக்கையோடு இருதய நோய் வைத்தியரிடம் போவதுடன், பத்து வயதைக் கடந்த பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். சித்தப்பாவின் சத்திரசிகிச்சைக் குறிப்புப் புத்தகத்தையும் கேட்டு வாங்கி எடுத்துப் போங்கள். அவருடைய பழைய கொலஸ்ட்ரோல் அளவு அதில் எழுதியிருக்கும்.