செயின் ஆயிலர்: மழைக்குப் பின் புதுப்பிப்பு

பைக் ஓடும்போது செயினுக்குத் தானாக எண்ணெய் சொட்டும் செயின் ஆயிலரின் டப்பாவை வெளியே தெரியாமல் எங்கே வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். நம்பர் பிளேட் பக்கம் என்றார்கள் பாதிப் பேர், சீட்டுக்கு அடியில் என்றார்கள் மீதிப் பேர். கடைசியில் பக்கவாட்டுப் பேனலுக்குள் நிமிர்ந்த வாக்கில் பொருத்திவிட்டேன். காற்றுத் துளை மட்டும் அடைபடக் கூடாது. அடைத்தால் எண்ணெய் இறங்காது.

டப்பாவிலிருந்து எண்ணெய் வரும் குழாயை, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கமாகக் கொண்டுபோனதில்தான் அழகே இருக்கிறது. முதலில் போட்ட ஒட்டும் கிளிப், புளியரை மலைப்பாதை எஸ் வளைவு மழையில் ஒவ்வொன்றாகக் கழன்றது. இப்போது கேபிள் டை. ஸ்விங் ஆர்ம் அசையும் மூட்டருகே மட்டும் குழாயைக் கொஞ்சம் தளர்வாக விட்டிருக்கிறேன். குழாய் முனை, பின் ஸ்ப்ராக்கெட்டில் (பின் சக்கரத்தின் பல்சக்கரம்) செயின் வந்து ஏறும் கீழ்ப்பகுதியைத் தொட்டபடி நிற்கிறது. சுழற்சி வேகமே எண்ணெயை விளிம்புக்குத் தள்ளிவிடும்.

இது இன்ஜின் உறிஞ்சலில் திறக்கும் வகை, வண்டியை அணைத்தால் சொட்டும் நின்றுவிடும். நிமிடத்துக்கு 1 சொட்டு போதும். கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலை என்று நனைந்துகொண்டே போகும் நாளில் 2 வைக்கிறேன். தென்காசி வெயிலில் எண்ணெய் இளகி வேகமாக இறங்கும், அப்போது குறைக்க வேண்டும்.

டயரில் எண்ணெய் படுமா என்று கேட்ட அண்ணனுக்கு: ரிம்மில் லேசான புள்ளிகள் உண்டு, டயர் காய்ந்தே இருக்கிறது. ஆனால் கிளம்பும் முன் ஒரு பார்வை பார்க்காமல் நான் வண்டி எடுப்பதில்லை. ஓ-ரிங் செயினுக்கு (இணைப்புகளில் ரப்பர் வளையம் போட்டு கிரீஸை உள்ளே அடைத்த செயின்) எதற்கு இது என்றவருக்கு: உள்ளே கிரீஸ் இருக்கிறது, சரி, வெளியே உருளையும் தகடும் துருப்பிடிக்குமே!