புதுப்பிப்பு: தங்கையின் லூபஸ் சிகிச்சை குறித்து

உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோயான லூபஸுக்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கண்ணைக் கெடுக்குமா என்றும், மூட்டுவலி தணிந்ததும் ஸ்டீராய்டை நிறுத்தலாமா என்றும் என் தங்கைக்காக முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வாதநோய் மருத்துவரிடம் பெற்ற தெளிவை இப்போது பதிகிறேன்.

கண் பற்றிய அச்சம் அடிப்படையற்றதன்று. ஆயினும் விழித்திரைப் பாதிப்பு பெரும்பாலும் மருந்தின் அளவையும் உட்கொள்ளும் ஆண்டுகளையும் பொறுத்தது என்பதால், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுத்து, தொடக்கத்தில் ஒருமுறையும், 5 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதிக்கிறார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை முன்னதாகவே தொடங்கும். நோய் மீண்டும் தீவிரமாவதைக் குறைக்கும் இம்மருந்தைப் பயத்தால் கைவிடுவதே பெரிய ஆபத்து என்று உறுதியாக நம்புகிறேன்.

ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தவே கூடாது. மாத்திரையாகத் தொடர்ந்து கிடைத்துவந்ததால் உடலுக்குள் இயல்பாகவே ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் சுரப்பைக் குறைத்திருக்கும். அது மீள அவகாசம் வேண்டும். தங்கை உட்கொள்ளும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனைப் படிப்படியாக நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்குள் கொண்டுவந்து, இயன்றால் நிறுத்துவதே இலக்கு.

தங்கையின் சிறுநீரில் புரதம் வெளியேறியதால், சிறுநீரகத் திசுப் பரிசோதனைக்குப் பின், எதிர்ப்பாற்றலை அடக்கும் மைக்கோஃபினோலேட் மருந்தையும் சேர்த்துள்ளனர். அது கருவுக்கு ஊறு விளைவிக்கும் என்பதால் கருத்தடை பற்றி முதலிலேயே பேசினார்கள். திருமணமாகாத பெண்ணிடம் தயங்காமல் அதை விளக்கிய மருத்துவரை மதிக்கிறேன்.

வெயில் நோயைத் தூண்டுவதால் முழுக்கை ஆடையும் சன்ஸ்கிரீனும் வழக்கமாகிவிட்டன. மூட்டுவலி குறைந்துள்ளது, களைப்பு மட்டும் இன்னும் விடவில்லை. அடுத்த சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு வந்ததும் எழுதுகிறேன்.