டெஸ்க்டாப்பில் ஓடும் மவுஸ் ஸ்கிரிப்ட் கேமுக்குள் படுத்துக்கொண்டபோது

தனியாக விளையாடும் ஒரு சுரங்க கேமுக்காக ஆட்டோஹாட்கீயில் (விண்டோஸில் கீபோர்டு, மவுஸ் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் மென்பொருள்) சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். எஃப்6 அழுத்தினால் இடது பட்டனை விடாமல் கிளிக் செய்யும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கல் உடைத்து உடைத்து விரல் வலித்ததால் எழுதியது. நோட்பேடிலும் பெயின்டிலும் அருமையாக ஓடியது. கேமைத் திறந்தால் ஒரு கிளிக்கும் விழவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது அட்மின் உரிமை. கேம் அட்மினாக ஓடி, ஸ்கிரிப்ட் சாதாரணமாக ஓடினால், விண்டோஸ் அந்தக் கிளிக்குகளைத் தடுத்துவிடும். விஸ்டா காலத்திலிருந்தே இப்படித்தான். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை. ஸ்கிரிப்டையும் அட்மினாக ஓட்டியதும் கடப்பாரை அசைய ஆரம்பித்தது.

ஆனால் விட்டுவிட்டுத்தான் அசைந்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் எண்ணிக்கை கூடும்படி திரையில் ஒரு டூல்டிப் (சின்ன எழுத்துப் பெட்டி) போட்டுப் பார்த்தேன். எண் கடகடவென ஏறுகிறது, கல்லில் பாதி அடிகூட விழவில்லை. அப்படியானால் ஸ்கிரிப்ட் அனுப்புகிறது, கேம்தான் தவறவிடுகிறது. பல கேம்கள் பட்டன் அழுந்தியிருக்கிறதா என்று ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும், ஒருமுறைதான் பார்க்கும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் இரண்டு பார்வைகளுக்கு நடுவே சுமார் 16.7 மில்லி செகண்ட். ஸ்கிரிப்டோ அதற்குள் அழுத்தி, விட்டே முடித்துவிடுகிறது. வெறும் ‘கிளிக்’ வரியை எடுத்துவிட்டு ‘கிளிக் டவுன்’, ‘ஸ்லீப் 40’, ‘கிளிக் அப்’ என்று பிரித்து எழுதினேன். அதன்பிறகு ஒரு அடிகூடத் தப்பவில்லை. ஸ்லீப்பில் 1, 2 என்று போட்டுச் சோதிப்பதில் பலனில்லை, விண்டோஸ் டைமர் வழக்கமாக ஒரு தடவைக்கு நகரும் அளவே 15.6 மில்லி செகண்ட்தான்.

நண்பர் ஒருவருக்கு வேறு சிக்கல். பையில் உள்ள பொருள்களை அடுக்கும் அவருடைய ஸ்கிரிப்ட், லேப்டாப்பில் மட்டும் பக்கத்துக் கட்டத்தைக் கிளிக் செய்தது. திரை அளவீடு 125 சதவீதத்தில் இருந்தது, கிளிக் செய்யும் இடங்களைக் குறிக்கும் எண்களோ 100 சதவீதத்தில் எடுத்தவை. ஆட்டோஹாட்கீயோடு வரும் விண்டோ ஸ்பை கருவியை வைத்து கிளையன்ட் எண்களை (கேம் விண்டோவின் உட்பகுதியிலிருந்து அளந்தவை) லேப்டாப்பிலேயே புதிதாக எடுத்ததும் சரியானது. இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்ட்கள் பெரும்பாலும் ஆட்டோஹாட்கீயின் முதல் பதிப்புக்கு எழுதியவை. 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் எழுதும் முறையே மாறிவிட்டது, அப்படியே ஒட்டினால் ஓடாது.

ஆன்லைன் போட்டி கேம்களில் இதைத் தொடவே தொடாதீர்கள். கணக்கு முடங்கும் ஆபத்து ஒருபக்கம், எதிரே விளையாடுபவருக்கு அது அநியாயம் என்பது இன்னொரு பக்கம்.

அப்புறம், அவசரமாக நிறுத்த ஒரு கீ கட்டாயம் வையுங்கள், எனக்கு எஃப்10. அதில் வெளியேறும் கட்டளைக்கு முன்னால் ஒரு ‘கிளிக் அப்’ இருக்கட்டும். அழுத்திய நிலையில் ஸ்கிரிப்ட் நின்றுபோனால், பட்டன் இன்னும் அழுந்தியே இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்.