மின்சாரம் திரும்பியதும் சேவைகள் தானாக எழ: லினக்ஸ் அனுபவங்கள்

(சேவை என்பது பின்னணியில் ஓடும் நிரல். பேசுபவர்கள் அவரவர் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

கோயம்பேடு:

மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியின் பில் போடும் கணினியை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். அங்கே வியாபாரம் விடிவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். பில் வராவிட்டால் வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். மழைக்கால மின்தடை ஒன்றில் யூபிஎஸ் பேட்டரியும் தீர்ந்தது. மின்சாரம் வந்ததும் கணினி தானாக எழுந்தது. பில்லிங் சேவை மட்டும் எழவில்லை. கணினி எழும்போதே கிளம்பும்படி எனேபிள் செய்துதான் இருந்தது. கையால் ஸ்டார்ட் கொடுத்தால் உடனே ஓடியது.

ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் பதிவைப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. அந்தச் சேவை குறிப்பிட்ட ஐபி முகவரியில் இயங்க வேண்டும். முகவரியைத் தர வேண்டிய ரூட்டரோ கணினியைவிட மெதுவாக எழும். முகவரி கிடைக்காமல் சேவை விழுந்திருக்கிறது. விழுந்தால் மறுபடி கிளப்பச் சொல்லும் ரீஸ்டார்ட் வரி இருந்தும் பலனில்லை. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இயல்பாக 100 மில்லி வினாடி இடைவெளியில் மறுபடி கிளப்பும்; 10 வினாடிக்குள் 5 முறை கிளப்பியும் சேவை நிலைக்காவிட்டால் கைவிட்டுவிடும். ஐந்து வாய்ப்பும் ஓரிரு வினாடிகளில் தீர்ந்திருந்தன.

சேவையின் அமைப்புகள் உள்ள யூனிட் கோப்பில், எதற்குப் பிறகு கிளம்ப வேண்டும் என்று சொல்லும் 'ஆஃப்டர்' என்பதற்கு எதிரே நெட்வொர்க்.டார்கெட் என்று இருந்தது. இணைப்பு வந்துவிட்டது என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்று மாற்றி, எது கூடவே கிளம்ப வேண்டும் என்று சொல்லும் 'வான்ட்ஸ்' வரியிலும் அதையே சேர்த்தேன். ஆனால் அந்தக் காத்திருப்புக்கும் காலவரம்பு உண்டு. ஆகவே மறுபடி கிளப்பும் இடைவெளியான ரீஸ்டார்ட்செக் மதிப்பை 5 வினாடியாக வைத்ததுதான் முக்கியம்: 10 வினாடிக்குள் 5 முறை என்ற வரம்பை இனி எட்டவே முடியாது, ரூட்டர் வரும்வரை சேவை முயன்றுகொண்டே இருக்கும்.

அம்பத்தூர்:

அண்ணா, வட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டறையில் தரவுகள் தனி வட்டில் இருந்தன. வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், வட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்னும் நோஃபெயில் போட்டிருந்ததால், வட்டு மவுன்ட் ஆவதற்கு (கோப்புறையோடு இணைவதற்கு) முன்பே சேவை கிளம்பி, வெறும் கோப்புறையில் புதிய தரவுத்தளத்தை உருவாக்கிவிட்டது. திரையில் பழைய கணக்கு ஒன்றுமே இல்லை, முதலாளி பதறிவிட்டார். தரவு பத்திரமாகத்தான் இருந்தது. யூனிட் கோப்பில் ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார் என்ற ஒரு வரியில் அந்தக் கோப்புறையின் பாதையைக் கொடுத்தேன். வட்டு வராமல் இப்போது சேவை கிளம்பாது.

தாம்பரம்:

மண்டிக்காரருக்கு அமைத்ததை எப்படிச் சோதித்தீர்கள் அண்ணா? ரீபூட் கொடுத்தால் ரூட்டர் அணையாதே.

கோயம்பேடு:

சரியாகக் கேட்டீர்கள் தம்பி. வியாபாரம் ஓய்ந்த மதியத்தில் கணினியை முறையாக நிறுத்தி, ரூட்டரோடு சேர்த்து மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டேன். ரூட்டரின் விளக்குகள் நிலைக்குமுன் சேவை இரண்டு முறை விழுந்து, பிறகு எழுந்து நின்றது.